எங்கே திரும்புவது?

அமெரிக்காவில், கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கு நோக்கிக் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே கடக்கிறது மொஹாவி சாலை. அதன் நீளம் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். சாலை என்பது பெயருக்குத்தான். பெரும்பகுதி மணலும் சரளையும் பாறையும் கிடக்கும் வண்டித்தடம். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் ஜீப் வகை வண்டிகளில் குடும்பங்கள் இரண்டு மூன்று நாட்களில் இதைக் கடக்கின்றன. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம். பார்வைக்கு இது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு. ஆனால் வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது: எங்கும் போகும் வசதி கைக்கு வந்துவிட்டால், எங்கே நிற்பது என்பதை யார் முடிவு செய்வது?

பழங்காலத்தில் அந்த முடிவு தண்ணீரிடம் இருந்தது. ஏறத்தாழ ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக அமைந்த ஊற்றுகளைத் தொட்டுத்தான் மொஹாவி பழங்குடியினர் இந்த வழியை உருவாக்கினர். கடற்கரை மக்களுடன் அவர்களுடைய வணிகம் இதன் வழியே நடந்தது. 1776இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரும், 1826இல் ஜெடிடையா ஸ்மித் என்ற அமெரிக்க வணிகரும் அதே தடத்தில் சென்றனர். 1860களில் ராணுவம் ஊற்றுகளின் அருகே காவல் நிலைகள் அமைத்தது. 1883இல் ரயில் வந்ததும் பழைய வழி பயனற்றுப்போனது. பின்னாளில் ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்து, அதை உல்லாசப் பயணத் தடமாக மீட்டெடுத்தனர். இன்றைய குடும்பம் தண்ணீரையும் எரிபொருளையும் வண்டியிலேயே கொண்டுபோகிறது. நிலம் விதித்த எல்லை மறைந்து, அதை வகுக்கும் பொறுப்பு மனிதர்களிடம் வந்துவிட்டது.

அந்தப் பொறுப்பு புறப்படுவதற்கு முன்பே தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் இருப்பும் வேண்டும். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. மணலில் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். மணலில் இறங்கும் முன் டயரின் காற்றைச் சுமார் 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20 வரை குறைப்பார்கள். டயர் பரந்து படிந்து எடையைப் பகிர்வதால் புதைவது குறையும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரசர் தேவை. ஸ்டெப்னி, மண்வெட்டி, இழுவைப் பட்டை ஆகியவை கட்டாயம். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஆகவே எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும், இரண்டு வண்டிகளாகப் போவதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

இந்த வேலைகள் குடும்பத்தின் உறவு முறையையும் சற்று மாற்றுகின்றன. நகரத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் அவரவர் செல்போனில் மூழ்கியிருப்பார்கள். இங்கே பாறை மேட்டில் ஏறும்போது ஒருவர் இறங்கி முன்னால் நின்று சக்கரம் போக வேண்டிய இடத்தைக் கைகாட்ட வேண்டும். டயர் அழுத்தத்தை அளப்பதைச் சிறுவர்களும் செய்யலாம். டிசம்பரில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயும் இறங்கும். எனவே வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்து, சமைத்து முடிக்க எல்லோருடைய கையும் தேவைப்படுகிறது. சேர்ந்து இருப்பது வேறு, ஒருவருக்கொருவர் தேவைப்படுவது வேறு என்பதை அறிவுரையின்றியே வேலை உணர்த்துகிறது.

எல்லையை உண்மையில் சோதிக்கும் இடம் சோடா ஏரி. இது வறண்ட உப்பு ஏரி. கோடையில் இறுகிக் கிடக்கும். குளிர்கால மழைக்குப் பின் மேல்தோடு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடியில் சேறு இருக்கும்; அதில் இறங்கிய வண்டி அச்சு வரை புதையும். ஏரியின் நடுவே ஒரு கற்குவியல் உண்டு. பயணிகள் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து அதில் போடுவது மரபு. ஏரி ஈரமாக இருந்தால், அந்த ஆசையை விட்டுவிட்டு பேக்கர் என்ற சிற்றூர் வழியாகச் சுற்றிப் போவதே சரி. ஆனால் வெகுதூரம் வந்துவிட்ட பிறகுதான் திரும்புவது கடினமாகிறது. செலவான நேரம், பிள்ளைகளின் எதிர்பார்ப்பு, ஓட்டுபவரின் வீம்பு எல்லாம் சேர்ந்து முன்னே தள்ளுகின்றன.

இதே பாலைவனத்தின் வடபகுதியில் 1849–50 குளிர்காலத்தில் பென்னட், ஆர்க்கன் என்ற இரு குடும்பங்கள் குழந்தைகளுடன் சிக்கிக்கொண்டன. தெரிந்த தடத்தை விட்டுக் குறுக்குவழியை நம்பி வந்ததன் விளைவு அது. அவர்களுடன் வந்த மேன்லி, ராஜர்ஸ் என்ற இருவர் நடந்தே போய் உணவோடு திரும்பி வந்தனர். குடும்பங்கள் வண்டிகளைக் கைவிட்டு, குழந்தைகளை மாட்டின் மேல் ஏற்றி வெளியேறின. அந்த இடத்துக்கு மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர் வந்தது. அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு: போனவர்கள் வாக்குத் தவறாமல் திரும்பியது, அருமையாகக் கொண்டுவந்த வண்டியை விட்டுவிட மனம் வந்தது.

இன்னோர் எல்லை நிலத்தின் நலம் கருதியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, தளபதி பாட்டன் தொடங்கிய பயிற்சிக் களத்தில் ஓடிய டாங்கிகளின் தடங்கள் இப்பாலைவனத்தில் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன. மண்ணின் மேலே நுண்ணுயிர்கள் பின்னிய மெல்லிய தோடு உடைந்தால், மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் பாலைவன ஆமைகள் வளைக்குள் உறங்குகின்றன. தடம் விலகும் வண்டி அந்த வளையை நசுக்கிவிடக்கூடும். 1994இல் உருவான மொஹாவி தேசியக் காப்பகத்தில், ஏற்கெனவே உள்ள தடங்களை விட்டு வண்டி விலகக் கூடாது என்பது சட்டம். அத்தனை பெரிய பரப்பில் ஒவ்வொரு வண்டியையும் கண்காணிக்க ஆளில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் விலகாமல் ஓட்டும் பெற்றோரைப் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

பெட்ரோலை எரித்து நலிந்த நிலத்துக்குள் போவதே தவறு என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் அந்த வெளியைக் காண வேறு வழி அரிது. இருக்கும் தடத்திலேயே போகிறவரால் புதிய காயம் குறைவு.

வண்டியின் வலிமை போகக்கூடிய தூரத்தை மட்டுமே கூட்டுகிறது. திரும்ப வேண்டிய இடத்தைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். எத்தனை லிட்டர் எரிபொருள் மிஞ்சும்போது, எத்தனை மணிக்கு, எத்தகைய தரையைக் கண்டால் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வண்டியில் உள்ளவர்களில் யார் ‘போதும்’ என்றாலும், அது மிகச் சிறிய பிள்ளையின் குரலாகவே இருந்தாலும், முதலில் பிரேக்கை மிதித்துவிட்டுப் பிறகு பேசுவதே நல்லது.