பாட்டு வந்தது, ஆள் வரல

விளையாட்டு மேடையில் ஹிப் ஹாப் எதுக்கு என்ற சண்டை அமெரிக்காவில் பழசு. நம்ம ஊர் சண்டை வேறு மாதிரி. 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம், 44வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. ‘என்ஜாய் எஞ்சாமி’யை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். ராப் செய்த அறிவு மேடையில் இல்லை.

எழுதியது, மெட்டமைத்தது, பாடியது நான் என்று அறிவு பதிவிட்டார். அவர் அமெரிக்காவில் இருந்ததால் வர முடியவில்லை, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். அந்தக் கணக்குக்குள் நான் போகல. மாரியம்மாளுக்கு அந்த மேடை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் கேள்வி வேறு. எங்க விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வார்கள். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றினால், அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், உட்சுவரில் தோல் மாதிரி மண் படியும். மிச்சத்தைக் கொட்டி, காயவைத்து, சூளையில் சுடணும். செய்தவர் பெயர் எந்தப் பொம்மையிலும் கிடையாது. (அதுவும் நியாயமில்லை, அது தனிக் கதை.) ஆனாலும் பொம்மை முழுசாத்தான் இருக்கு. ஏன்னா அது ‘நான்’னு பேசுவதில்லை.

ராப் பேசுது. இந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள். பேரன் வர முடியாத நாளில் வேறு பாட்டைப் போட்டிருக்கலாம். 2025 சூப்பர் பௌலில் கெண்ட்ரிக் லமார் வரலைன்னா, அவர் பாட்டை இன்னொருத்தரை வைத்து நடத்தியிருப்பார்களா என்ன?