தெர்சிம் மேல் பறந்தவர்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள விமான நிலையத்துக்கு ஒரு பெண்ணின் பெயர்: சபிஹா கோக்சென். உலகின் முதல் பெண் போர் விமானி என்று துருக்கி கொண்டாடும் பெயர் அது.

1913இல் புர்சாவில் பிறந்து, பெற்றோரை இழந்தவர். 1925இல் நாட்டின் தலைவர் முஸ்தஃபா கெமால் அந்த ஊருக்கு வந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமி அவர் முன்னால் போய் நின்று, படிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் அவளை மகளாக எடுத்து வளர்த்தார். கிரிமியாவில் கிளைடர் பயிற்சி, எஸ்கிஷெஹிரில் இராணுவ விமானப் பள்ளி என்று அவள் வாழ்க்கை வானத்துக்கு ஏறியது. துருக்கியில் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றதே 1934இல்தான். அந்தக் காலத்தில் இது எத்தனை பெரிய ஏற்றம்!

ஆனால் 1937இல் அவர் குண்டு வீசியது கிழக்குத் துருக்கியின் தெர்சிம் மலைகளில், தம் நாட்டுக் குடிமக்களான குர்து அலெவிகள் மேல். 2011இல் அதற்காக மன்னிப்புக் கேட்ட அன்றைய பிரதமர் எர்தோவான் எடுத்துக்காட்டிய அரசு ஆவணமே, தெர்சிமில் கொல்லப்பட்டவர்கள் 13,806 பேர் என்கிறது. அந்தப் போர்ப் பணிக்காகத்தான் கோக்செனுக்குப் பதக்கமும் கிடைத்தது.

இருபத்துநான்கு வயதுப் பெண், வளர்த்தவரே நாட்டின் தலைவர், எப்படி மறுத்திருப்பார் என்று பரிந்து பேசுவோர் உண்டு. அந்தப் பரிவில் ஒரு பழைய அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. ஆணுக்கு நிகராக விமானம் ஓட்டத் தெரிந்தவர், தாம் செய்வது இன்னதென்று அறியாதவராகிவிடுவாரா? திறமையை அவருடையது என்று எழுதிவிட்டு, செயலை மட்டும் தலைவர் கணக்கில் எழுதினால், அவரை மறுபடியும் சிறுமியாக்குகிறோம்.

அதே மலைகள்மேல் பறந்த ஆண் விமானிகளை யாரும் கேட்பதில்லையே என்பது வலுவான கேள்வி. பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது அநீதிதான். ஆணையிட்டவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த ஆண்களின் பெயரை எவரும் பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகச் சொல்வதில்லை. கோக்செனின் பெயரைச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது தெர்சிமையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அவர் எந்தப் போரில் முதல்வரானார் என்பதை மறைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது பொய் சொல்வதுதான்.

பிழைப்புத் தேடி இஸ்தான்புல்லுக்கு வந்த தெர்சிம் குடும்பத்தினரும் அந்த நிலையத்தில் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் பயணச்சீட்டிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.