நிகழாத விபத்தின் குற்றம்

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழ்வோர்க்கு மலை என்பது தூரத்துக் காட்சி. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எமது வீதிகள் சமதரையிலேயே செல்வன. அவற்றில் வாகனத்தின் பிரேக் பெருஞ்சோதனைக்கு உட்படுவதில்லை. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் ஏ5 வீதியோ வேறு. கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா எனச் சென்று, பிபிலையைக் கடந்ததும் லுணுகலை, பசறை மலைகளில் ஏறுகின்றது. ஏறியவர் இறங்கவும் வேண்டும்.

சென்ற ஆண்டு நண்பர் சிலருடன் வாடகை வான் ஒன்றில் அவ்வழியே சென்றேன். புறப்படுமுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். சில்லின் கீழ் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கினோம். பிரேக் எண்ணெயை எவரும் பார்க்கவில்லை. “இந்த வான் ஒருநாளும் நம்மளக் கைவிட்டதில்ல, தம்பி” என்றார் சாரதி. திரும்பும்போது லுணுகலைக்குக் கீழுள்ள இறக்கத்தில் பிரேக் மிதி தளர்ந்து அடிவரை சென்றது. அவர் கியரைக் குறைத்து, வீதியோர மண்மேட்டில் வண்டியை அணைத்து நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. சூடு ஆறியதும் பிரேக்கும் மீண்டது.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதிக்கும்போது சூடேறி ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதியின் அழுத்தம் சில்லைச் சென்றடையாது. சமதரையில் இக்குறை நெடுங்காலம் மறைந்திருக்கக்கூடும். எனவே சாரதி கூறியது பொய்யன்று. ஆயின் மலைக்கு அது சான்றுமன்று.

பழங்கப்பலைச் சோதியாது, முன்பெல்லாம் நலமே மீண்டதென்றும் இறைவன் காப்பானென்றும் தன்னைத் தேற்றிக்கொண்டு அனுப்பிய உடைமையாளன் ஒருவனைக் கிளிஃபோர்ட் 1877இல் எழுதிய கட்டுரையிற் காட்டுகிறார். கப்பல் கரைசேரினும் அவன் குற்றவாளியே என்பது அவர் முடிபு. தோமஸ் நேகல், பெர்னாட் வில்லியம்ஸுக்கு 1976இல் அளித்த மறுமொழியில், பிரேக்கைச் சோதிப்பிக்காத சாரதியையே எடுத்துக்கொண்டார். குழந்தையொன்று குறுக்கே வந்து மாண்டால் அவன் பெரும்பழி சுமப்பான். வராவிடின் சிறு கவனக்குறைவோடு தப்புவான். அவன் செய்ததோ இரண்டிலும் ஒன்றே.

நான் கிளிஃபோர்டின் பக்கமே நிற்கிறேன். எனினும் அவர் பயணிகளின் பொறுப்பைப் பேசவில்லை. வான் கட்டணத்தைப் பேரம்பேசிக் குறைத்தவர்கள் நாமே. குறைத்த பணம் எச்செலவிலிருந்து குறையும் என்று நாம் சிந்திக்கவில்லை. 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைவர் மாண்டபோது நாடே பொறுப்பாளியைத் தேடியது. எமது மண்மேட்டில் எவரும் எவரையும் தேடவில்லை. தேநீர் அருந்திச் சிரித்தோம். உவகையால் வரும் மறதிக்கு வள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தது இத்தகையோரை எண்ணித்தான் போலும்.

அடுத்த மாதம் அதே வானில் வேறொரு குழுவினர் பதுளை செல்லவிருப்பதை அறிந்தேன். எண்ணெய் மாற்றப்பட்டதா என்று நான் சாரதியைக் கேட்கவில்லை. அவர்களிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் நலமே திரும்பினர்.