அடைக்கலமாக வந்த கிடாரி

உறவினர் ஒருவர் வெளியூர் செல்லுங்கால் தம் இளங்கிடாரியைச் சில நாள் நம் தொழுவத்தில் விட்டுச் செல்கிறார். அது பால் தருவதன்று; நம்முடையதும் அன்று. அதற்கும் நம் பசுவுக்கு ஒப்பத் தீனியிட வேண்டுமோ? தொழிற்சாலைகள் சூழ்ந்து மேய்ச்சல் நிலம் சுருங்கிய ஜூஜுவாடியில், ஒரு கட்டு கேழ்வரகுத் தாளும் எண்ணிச் செலவிடத் தக்கதே.

ரகுவம்சத்தின் இரண்டாம் ஸர்க்கம் இதற்கு வழிகாட்டுகிறது. திலீப மஹாராஜன் பேணிய நந்தினி, குருவாகிய வஸிஷ்டருடைய பசு. 21 நாள் அதனை வனத்தில் காத்தவன், மறுநாள் சிங்கத்துக்குத் தன் உடலையே ஈடாகத் தர முன்வந்தான். பின்பு நந்தினியே உவந்து பாலளித்தபோதும், கன்றுக்கும் ஹோமத்துக்கும் போக எஞ்சியதையே, குருவின் அனுமதியுடன் ஏற்க விரும்பினான். புத்திரப்பேறு வேண்டி வந்தவனே ஆயினும், பிறர் உரிமையைத் தன் தேவைக்கு முன்வைத்தான்.

புதிதாக வந்த கிடாரி கத்தும், தீனி கொள்ளாது. பழகிய தீனியையே முதலில் இட்டு, நம் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலத்தல் வேண்டும். திடீர் மாற்றத்தால் வயிறு உப்பக்கூடும். கோமாரி பரவாதிருக்கச் சில நாள் தனியே கட்டுவதும் தர்மமே. ஆனால் தண்ணீரிலும் அன்பிலும் குறை வைத்தலாகாது.

பால் தரும் பசுவைப் பேணுவதில் நம் பயனும் கலந்துள்ளது, அதில் குற்றமில்லை. பயன் தாராததைப் பேணும்போதே நம் கோரக்ஷணம் எத்தகையது என்பது விளங்கும். இவ்வாத்மாவும் எம்பெருமானின் உடைமை; சில காலம் நம்மிடம் இருப்பது. உரியவனிடம் வாடாமல் ஒப்புவிக்கும் பழக்கத்தைத் தொழுவத்திலேயே தொடங்குவோமாக.