வேர் பிடிக்கும் வரை

துன்புறும் ஓர் உயிருக்கு மனிதன் உதவ முற்படுகிறான். அந்த உதவி அவ்வுயிரின் தேவையிலிருந்து பிறக்கிறதா, அல்லது துன்பத்தைக் காணச் சகியாத அவனது மனத்தின் தவிப்பிலிருந்து பிறக்கிறதா? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விளைவில்தான் வேறுபாடு தெரியும்.

இதை ஆராய ஒரு தொட்டிச்செடி போதும். டில்லியின் அடுக்குமாடி வீடொன்றில், மே மாத வெயிலில், புதிதாக வாங்கிய துளசி பெரிய தொட்டிக்கு மாற்றப்படுவதாகக் கொள்வோம். மறுநாள் இலைகள் துவள்கின்றன. வீட்டார் பதறி நீர் ஊற்றுகின்றனர். மீண்டும் துவளவே உரமிடுகின்றனர். வெயில் போதவில்லை என்றெண்ணி மொட்டைமாடியில் வைக்கின்றனர். சில நாட்களில் செடி மடிகிறது. அன்பில் குறைவில்லை, அன்பு அறிவின் துணையைத் தேடவில்லை, அவ்வளவே.

செடிக்கு நீரை உறிஞ்சித் தருவதில் பெரும்பங்கு வேர்நுனிகளை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளுடையது. மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியில் ஏறத்தாழ 1,400 கோடி வேர்த்தூவிகள் இருப்பதாக ஹோவர்ட் டிட்மர் என்ற அறிஞர் 1937-இல் கணக்கிட்டார். இடம் மாற்றும்போது எளிதில் அறுபடுபவை இவையே. இலைகளோ நீரை ஆவியாக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்தும் செலவு குறையாததால், ஈர மண்ணிலும் செடி வாடுகிறது. அந்நிலையில் நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று அகன்று, எஞ்சிய வேரும் அழுகும். உரத்தின் உப்பு மிகுந்தால், வேர் நீரை ஈர்ப்பது மேலும் கடினமாகும்.

ஒருமுறை நன்கு நனைத்து, மிகுந்த நீரை வடியவிட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வைக்க வேண்டும். மேல்மண் உலர்ந்த பின்பே மீண்டும் நீர் விட வேண்டும். புதுத்தளிர் தோன்றும்வரை உரம் வேண்டாம். புதிய வேர்விடும் ஆற்றல் செடிக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தடையாக நிற்பவற்றை அகற்றுவதே மனிதன் பணி.

'சும்மா இருப்பதும் உதவியா? அது அலட்சியத்திற்குச் சாக்காகிவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. ஆனால் அலட்சியம் உடையவன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அன்புடையவன் நாள்தோறும் தொட்டுப் பார்த்து, பல நாட்கள் நீர் ஊற்றாமலே திரும்புகிறான். அவன் கை ஓய்ந்திருக்கிறது; கவனம் ஓயவில்லை.

மனைவியை இழந்த முதியவரைக் கிராமத்திலிருந்து மும்பைக்கு அழைத்து வரும் மகனும் இதே சோதனைக்கு உள்ளாகிறான். ஓயாத உபதேசம், உறவினர் வருகை, ஊர்சுற்றல் என அவன் அள்ளி வழங்க, அவர் மேலும் வாடக்கூடும். குறித்த நேரத்தில் ஒரு கோப்பைத் தேநீர், அமைதியாக அமர ஓர் இடம், அவசரப்படுத்தாத துணை ஆகியவையே அவருக்குப் போதுமானவையாக இருக்கலாம். செடியால் சொல்ல இயலாது. மனிதரிடம் கேட்க இயலும். ஆகவே கேட்பதே முதற்கடமை. அவர் உணவும் உறக்கமும் இழந்து தளரும்போது மருத்துவரை நாடாமல் காத்திருப்பது பொறுமை அன்று.

தக்கவாறு பேணியும் சில செடிகள் பிழைப்பதில்லை. அதனால் பேணியது வீணாகிவிடாது. உதவ நீளும் கை ஒரு கணம் நின்று, 'இது யாருடைய தேவை?' என்று கேட்டுக்கொள்ளட்டும். கிடைக்கும் விடை, சில வேளைகளில், நீர்ச்செம்பைக் கீழே வைக்கச் சொல்லும்.