டால்ஸ்டாய்க்கு வந்த கடிதம்



ஆலை ஓடும் காலத்தில், கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வெள்ளிமலை பஸ் ஊர்ந்துதான் போகும். இதே கரும்பு வேலைக்குத்தான் 1860 முதல் தமிழ் ஜனங்களைச் சென்னையில் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர் எல்லாம் எழுதிவைத்தார்கள். தென்னார்க்காடு என்ற பெயர் அதில் அடிக்கடி வரும். கள்ளக்குறிச்சி அன்றைக்கு அந்த ஜில்லாவில் ஒரு தாலுகா.

தென்னாப்பிரிக்காவில் தமிழர்களோடு நின்று போராடிய குஜராத்தி வக்கீல் மோகன்தாஸ் காந்தியும் பிழைக்கப் போனவர்தான். 1909 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அவருக்கு நாற்பது வயது நிறைகிறது. கடிதம் போனது ருஷ்யாவுக்கு, எண்பத்தொரு வயது எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு.

வாசகர் கடிதம் என்றால் புகழ்ச்சிதான் இருக்கும் என்று நினைப்போம். இதில் வேலை இருந்தது. கனடாவுக்குப் போயிருந்த தாரக்நாத் தாஸ் என்ற வங்காளிக்கு டால்ஸ்டாய் எழுதிய நீண்ட பதில் காந்தியின் கைக்கு வந்திருந்தது. நம் குறளை எடுத்துக்காட்டியிருக்கிற கடிதம் அது. நீங்கள் எழுதியதுதானா, இருபதாயிரம் பிரதி அச்சிடலாமா என்று கேட்கிறார் காந்தி. அதோடு விட்டாரா? மறுபிறவி நம்பிக்கையை நீங்கள் தள்ளுகிற இடத்தில் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடலாமே. போராடி டிரான்ஸ்வால் சிறைக்குப் போய்வந்த சிலருக்கு அந்த நம்பிக்கைதான் ஆறுதல் என்கிறார். உலகமே கொண்டாடும் எழுத்தாளரிடம், முதல் கடிதத்திலேயே!

கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு எடுக்க மனமில்லை, நீங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இந்தப் பதில்தான் அந்த நட்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மொத்தம் ஓராண்டுக் கடிதப் போக்குவரத்து. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. 1910 நவம்பரில் டால்ஸ்டாய் இறந்துபோனார்.

அதற்குள் ஜோகன்னஸ்பர்க் பக்கம், காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் 'டால்ஸ்டாய் பண்ணை' எழுந்துவிட்டது. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. செருப்புத் தைத்தார்கள், மரவேலை செய்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் காந்தி! போப் ஐயர் எழுதிய பாடப்புத்தகத்தைத் தாண்டாத தமிழ் அவருடையது. பிள்ளைகளுக்கு எழுத்துத்தான் தெரியாது. பேச்சில் வாத்தியாரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் காந்தியைப் பார்க்க வந்தால், அந்த மாணவர்கள்தான் நடுவே நின்று வாத்தியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.