இவாட்டாவுக்காக அழுதவர்கள்

வீடியோ விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவின் தலைவர் சத்தோரு இவாட்டா 2015 ஜூலை 11 அன்று ஜப்பானின் கியோட்டோ நகரில் காலமானார். பித்தநாளத்தில் வளர்ந்த கட்டி அவர் உயிரைப் பறித்தது, வயது 55. செய்தி 13ஆம் தேதி வெளியானது. அன்று அவர் நினைவாக நிறுவனம் தன் சமூக ஊடகக் கணக்குகளில் வழக்கமான பதிவுகளை நிறுத்தி வைத்தது. போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் தரப்பும் அவருக்கு நன்றி கூறியது. நியூயார்க்கில் நிண்டெண்டோ கடையின் முன் பூக்களும் கைப்பட எழுதிய கடிதங்களும் சேர்ந்தன. நிண்டெண்டோவின் வீ யூ கருவி வைத்திருந்தவர்கள் அதன் தொடுதிரையில் குச்சிப் பேனாவால் அவர் முகத்தை வரைந்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இப்படி வருந்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதே இல்லை. அந்தத் துயரம் மெய்யானதா, எதிலிருந்து பிறப்பது, அதன் எல்லை எது என்பதை ஒரு சீடனும் அவன் குருவும் ஆராய்வதாகக் கீழ்வரும் உரையாடல் அமைகிறது.

சீடன்: ஐயா, ஒரு கம்பெனியின் தலைவர் இறந்தால் பங்குதாரர் கவலைப்படலாம், ஊழியர் வருந்தலாம். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவன் ஏன் அழ வேண்டும்? கொடுத்த காசுக்குப் பொருள் கைக்கு வந்தது. கணக்கு அத்தோடு தீர்ந்துவிட்டதே?

குரு: காசுக் கணக்கு தீர்ந்தது உண்மைதான். அழுதவர்கள் அந்தக் கணக்கை நினைத்து அழவில்லை. யாருக்காக அழுதார்கள் என்று தெரிந்தால்தான் ஏன் அழுதார்கள் என்று கேட்க முடியும். இவாட்டா 1959இல் சப்போரோவில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே ஹெச்பி-65 என்ற கால்குலேட்டரில் விளையாட்டுகளை எழுதியவர். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கும்போது ஹால் லேபரட்டரி என்ற சிறு நிறுவனத்தில் பகுதி நேர வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரலாளராகத் தங்கிவிட்டார். தலைமைப் பதவி பின்னால் வந்தது. கையால் செய்த வேலை முதலில் வந்தது.

சீடன்: அந்த வேலையில் அப்படி என்ன இருந்தது?

குரு: ஒன்றை எடுத்துக்கொள். 1985 ஜனவரியில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்த பலூன் ஃபைட் என்ற விளையாட்டு. முதுகில் இரண்டு பலூன்களைக் கட்டிக்கொண்டு ஒருவன் காற்றில் மிதக்க வேண்டும். திரையில் எந்த உருவமும் புள்ளி புள்ளியாகத்தான் நகரும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எதுவும் இல்லாததால் அசைவு வெட்டி வெட்டி இருக்கும். இவாட்டா உருவத்தின் இடத்தை முழுப் புள்ளிகளில் மட்டும் கணக்கிடாமல், அதற்கும் கீழே தசமம் வரை கணக்கிட்டார். திரையில் தெரியாத அந்தச் சிறு பின்னங்கள் சேரச் சேர, பொத்தானை விட்டதும் உருவம் மெல்லத் தாழ்கிறது, தட்டினால் எடையோடு எழும்புகிறது. சூப்பர் மரியோ பிரதர்ஸின் நிரலாளர் தோஷிஹிக்கோ நக்காகோ இந்த உத்தியை அவரிடம் கேட்டறிந்து, மரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்களில் பயன்படுத்தினார். அந்த நீச்சலைக் கோடிக்கணக்கானவர்களின் விரல்கள் அறியும்.

சீடன்: விரல் அறியும், மனம் அறியாதே. அதை எழுதியவர் பெயர் தெரியாமல் ஆடியவனுக்கு அவர்மேல் எப்படிப் பற்று வரும்?

குரு: நல்ல கேள்வி. பெயர் தெரியாதவரை வராது. பலருக்கு அந்தப் பெயர் வெகு காலம் கழித்தே தெரிந்தது. தெரிய வைத்ததில் இவாட்டாவுக்கே பங்கு உண்டு, ஆனால் அவர் தன்னைப் பற்றிப் பேசி அதைச் செய்யவில்லை. நிண்டெண்டோவின் தலைவரான பிறகு, தன் நிறுவனத்தின் படைப்பாளிகளைத் தானே நேர்காணல் செய்து வரிசையாக வெளியிட்டார். ஒரு பொத்தான் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, எந்த யோசனை கைவிடப்பட்டது, யார் யாரோடு முரண்பட்டார்கள் என்றெல்லாம் விசாரித்தார். தானும் நிரல் எழுதியவர் என்பதால் மேம்போக்கான பதிலோடு விட்டுவிடமாட்டார். அதுவரை விளையாட்டுகள் ஒரு கம்பெனிப் பெயரின் கீழ் வந்தன. அந்த நேர்காணல்களைப் படித்தவர்களுக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் மனிதர்கள் தெரிந்தார்கள். அதன் வழியே கேள்வி கேட்டவரும் தெரிந்தார்.

சீடன்: ஆனாலும் பெரும்பாலோர் அறிந்தது திரையில் தோன்றிய முகத்தைத்தானே? 2011இல் தொடங்கிய நிண்டெண்டோ டைரக்ட் ஒளிபரப்புகளில் அவர் வருவார். நேரடியாக உங்களுக்கு என்று சொல்லி, இரு கைகளையும் மார்பருகிலிருந்து பார்ப்பவரை நோக்கி நீட்டுவார். ஒருமுறை ஒரு சீப்பு வாழைப்பழத்தை முறைத்துப் பார்த்தபடி நின்றார். 2015 ஜூனில் பொம்மலாட்டப் பொம்மையாகவே வந்தார். இப்படிப்பட்ட நெருக்கம் மாயை என்று 1956லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதவில்லையா?

குரு: எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருதலை உறவை அவர்கள் விவரித்தார்கள். பார்வையாளர் அவரை அறிந்ததாக உணர்கிறார். அவரோ பார்வையாளரை அறியார். அது சரியான விவரணை. ஆனால் உறவு ஒருதலையானது என்பதால் அறிந்தது பொய் என்று ஆகிவிடாது. காட்டிய முகமும் செய்த செயலும் வேறு வேறாக இருந்தால்தான் அது மாயை. ஆகவே செயலைப் பார்க்க வேண்டும். 1992இல் ஹால் லேபரட்டரி திவாலாகும் நிலைக்கு வந்தது. கடன் 150 கோடி யென். மறு ஆண்டு, 33 வயதில், இவாட்டா அதன் தலைவரானார். ஆறு ஆண்டுகளில் கடன் அடைந்தது. அங்கே ஒவ்வோர் ஊழியரையும் ஆண்டுக்கு இருமுறை தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார். 2002இல் நிண்டெண்டோவின் நான்காவது தலைவரானார். 1889இல் சீட்டுக்கட்டுத் தயாரிப்பில் தொடங்கிய அந்நிறுவனத்தில் யமௌச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர். 2011இல் 3டிஎஸ் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. விலை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறங்கியது. தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். வீ யூ சரிந்தபோது 2014இல் ஐந்து மாதத்துக்கு மீண்டும் அதையே செய்தார். ஆட்குறைப்புப் பற்றிப் பங்குதாரர் கூட்டத்தில் கேட்டபோது, வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களால் மக்கள் மனதைத் தொடும் விளையாட்டை உருவாக்க முடியாது என்ற கருத்தைச் சொன்னார்.

சீடன்: அப்படியானால் அவரை அப்பழுக்கற்றவர் என்று கொள்ளலாமா?

குரு: கூடாது. 3டிஎஸ்ஸின் முதல் விலை அவர் காலத்து முடிவு. வீ யூ அவர் தலைமையில் வந்து தோற்றது. 2014இல் ஜெர்மனியில் இருந்த ஓர் அலுவலகம் மூடப்பட்டுப் பலர் வேலை இழந்தார்கள். ஜப்பானில் நிரந்தர ஊழியரை நீக்குவது சட்டப்படியும் வழக்கப்படியும் கடினம். ஆட்குறைப்புச் செய்யாததை முழுக்க ஒருவரின் நற்குணம் என்று எழுதிவிட முடியாது. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தோல்வி வந்தபோது அதன் சுமையை முதலில் தன்மேல் ஏற்றிக்கொண்டார். அதை எல்லாரும் பார்த்தார்கள். ரசிகர்களின் நம்பிக்கை சோதிக்கப்பட்டுத் தேறியது. எனவே அவர்கள் அறிந்திருந்தது குறைவாக இருக்கலாம், பொய்யாக இல்லை.

சீடன்: பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனைக் கண்டதில்லை. ஆனாலும் அவன் வடக்கிருந்தபோது வந்து சேர்ந்து தானும் உயிர் நீத்தார். காணாமலே வளர்ந்த நட்பு என்று அதைப் புலவர்கள் போற்றினார்கள். இதுவும் அதுதானே?

குரு: பொருத்தம் பாதிவரைதான் வருகிறது. ஆந்தையார் வருவார் என்று சோழன் உறுதியாகச் சொன்னான். அவருக்கென்று இடம் ஒதுக்கச் சொன்னான். முகம் காணாவிட்டாலும் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். இவாட்டா எந்த ரசிகனுக்கும் தனியாக இடம் ஒதுக்கவில்லை. ஆகவே இதை நட்பு என்று அழைத்தால் சொல்லுக்கு மேல் சுமை ஏறும். நன்றி என்று அழைப்பதே சரி.

சீடன்: காசு கொடுத்தவனுக்கு நன்றி எங்கிருந்து வரும்?

குரு: விலையில் அடங்காத உழைப்பிலிருந்து வரும். மதர் 2 என்ற விளையாட்டு முடிக்க முடியாமல் திணறியது. அப்போது இவாட்டா, இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு ஆண்டு, முதலிலிருந்து எழுதினால் அரை ஆண்டு என்று சொல்லி வேலையில் இறங்கினார். 1994இல் அது வெளிவந்தது. 1999இல் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் விளையாட்டுகளுக்குத் தரவைச் சுருக்கும் நிரலை எழுதிக்கொடுத்தார். அப்போது அவர் வேறொரு நிறுவனத்தின் தலைவர். இவற்றில் எதற்கும் வாங்கியவன் கூடுதலாகத் தரவில்லை. இன்னொன்றும் உண்டு. விளையாட்டு என்பது ஏற்கெனவே ஆடுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது அவர் பிடிவாதம். 2004இல் வந்த டிஎஸ் கருவியும் 2006இல் வந்த வீ கருவியும் அந்தப் பிடிவாதத்தின் பயன். டிஎஸ் 15 கோடிக்கு மேலும் வீ 10 கோடிக்கு மேலும் விற்றன. மூளைப் பயிற்சிக் கணக்குகளைப் போட முதியவர்கள் டிஎஸ்ஸைக் கையில் எடுத்தார்கள். வீயின் கைக் கட்டுப்படுத்தியை வீசி டென்னிஸ் ஆட அதுவரை பொத்தான்களைக் கண்டு ஒதுங்கியவர்களும் எழுந்து நின்றார்கள். பலருக்கு அவர் நினைவு, தாத்தா பாட்டியோடு ஆடிய ஒரு மாலையோடு பின்னிக் கிடந்தது.

சீடன்: அகப்பட்டது, ஐயா! அப்படியானால் அவர்கள் அழுதது போய்விட்ட தங்கள் குழந்தைப் பருவத்துக்காகத்தான்.

குரு: ஓரளவுக்கு ஆம். அதனால் துயரம் கெட்டுப்போகிறதா? தகப்பனை இழந்த மகனும் தன் சிறு வயதை நினைத்தே அழுகிறான். அவன் தகப்பனுக்காக அழவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இறந்தவரின் வாழ்வு நம் வாழ்வில் எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தில்தான் வலிக்கும். சமூகம் மதிக்க மறுக்கும் துயரங்கள் உண்டு என்று கென்னத் டோக்கா 1989இல் எழுதினார். சடங்கில் இடமில்லாத, ஆறுதல் சொல்ல ஆளில்லாத துயரங்கள் அவை. ரசிகர்களின் துயரமும் அந்த வகை. விளையாட்டுப் பொம்மை செய்தவனுக்கா இவ்வளவு என்று கேட்ட குடும்பத்தாரிடம் அவர்கள் எதை விளக்குவார்கள்?

சீடன்: அப்படியானால் உற்றாரின் துயரத்துக்கும் இதற்கும் வேறுபாடே இல்லையா?

குரு: உண்டு. அதை மறக்கக் கூடாது. ஜூலை 16, 17 தேதிகளில் கியோட்டோவில் இறுதிச் சடங்குகள் நடந்தன. புயல் மழையிலும் 4,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவரோடு வேலை செய்தவர்கள், மதர் தொடரை உருவாக்கிய ஷிகெசாட்டோ இட்டோயைப் போன்ற நண்பர்கள், குடும்பத்தார் ஆகியோர் இழந்தது நாள்தோறும் கேட்ட குரலை, சிக்கல் வந்தால் போய் நிற்கும் வாசலை. ரசிகன் இழந்தது அதுவல்ல. இனி அவர் செய்திருக்கக்கூடியவற்றை இழந்தான். தன் பக்கம் நின்று யோசிக்கும் ஒருவர் அந்த இடத்தில் இருக்கிறார் என்ற தெம்பை இழந்தான். உற்றாரின் துயரத்துக்கு ரசிகன் உரிமை கோரினால் அது அத்துமீறல்.

சீடன்: சடங்கு நடந்த நாளில் நிண்டெண்டோ தலைமையகத்துக்கு மேலே வானவில் தோன்றியதாம். மரியோ கார்ட் விளையாட்டில் வரும் வானவில் பாதை அது என்று ரசிகர்கள் சொன்னார்கள். பேதைமை அல்லவா?

குரு: மழை விட்டு வெயில் வந்தால் வானவில் தோன்றும், அதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஒரு கூட்டம் தன் கையில் இருக்கும் சொற்களால்தான் இரங்கல் பாட முடியும். அவர்களுக்கு விளையாட்டுகளே மொழி. படைத்தவர்களும் அதே மொழியில்தான் இரங்கினார்கள். 2016இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவின் முடிவில், வீழ்ந்த தங்கள் சக விமானிக்கு அது காணிக்கை என்ற குறிப்பு வரும். 2017இல் வந்த ஸ்விட்ச் கருவிக்குள் அதைவிட அமைதியான ஒன்று இருந்தது. தேதி ஜூலை 11 ஆக இருக்கும்போது, இரு கைகளிலும் கட்டுப்படுத்திகளைப் பிடித்து, இவாட்டாவைப் போலவே முன்னோக்கி நீட்டினால், அவர் நிரல் எழுதிய 1984ஆம் ஆண்டின் கோல்ஃப் விளையாட்டுத் திறக்கும். விளம்பரம் இல்லை, அறிவிப்பும் இல்லை. கருவியைக் குடைந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னர் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அது நீக்கப்பட்டது.

சீடன்: கடைசியாக ஓர் ஐயம். அவர்மேல் வைத்த அன்பு அப்படியே கம்பெனியின் பெயர்மேல் ஒட்டிக்கொள்ளாதா? நிறுவனத்தைக் குறை சொல்வது அவருக்குத் துரோகம் என்று ரசிகன் நினைக்கத் தொடங்கினால்?

குரு: அந்த ஆபத்து உண்மையானது, இந்தத் துயரத்தின் பலவீனமான இடமும் அதுதான். மனிதருக்குச் செலுத்திய நன்றியை வணிகப் பெயர் ஒன்று வாரிச் சுருட்டிக்கொள்ள முடியும். ஆனால் ஹால் லேபரட்டரியில் ஒவ்வொருவரிடமும் குறைகளைக் கேட்டறிந்த மனிதரின் பெயரால் குறை கூறலைத் தடுப்பது பொருந்தாது. 2015 ஜூனில் நடந்த வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் நிண்டெண்டோ காட்டியவை பலருக்கு ஏமாற்றம் தந்தன. மெட்ராய்டு வரிசையில் வரவிருந்த புதிய விளையாட்டைக் கைவிடச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். கண்காட்சி பற்றிய கருத்துகளைக் கவனத்தில் கொள்வதாகவும், எதிர்பார்ப்பை நிறைவேற்ற முயல்வதாகவும் இவாட்டா பதில் எழுதினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் இறந்தார். ஜூனில் கோபத்தோடு கையெழுத்துத் திரட்டியதும் ஜூலையில் அவருக்காக அழுததும் அதே ரசிகர் கூட்டம்தான்.